அரளிக்குக் கட்டிய சிவப்புச் சேலை

நெய்வேலி நகரியத்தில் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தபோது வாசலில் ஒரு செவ்வரளி ஆளுயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது. முன்பு குடியிருந்தவர்கள் வைத்தது. வெயிலுக்கும் புழுதிக்கும் அசையாது, ஆடு மாடு வாய் வைக்காது என்று பிளாக்கில் பாதிப் பேர் அதைத்தான் வளர்த்தார்கள். ஆடு மாட்டுக்கு இருந்த அந்த அறிவு எங்கள் நாய்க்கு இல்லை.

குட்டியாகத் தானே வந்து ஒட்டிக்கொண்ட நாய். என் வீட்டுக்காரர் ஒரு பெயர் வைத்தார், நான் ஒரு பெயர் வைத்தேன். அது இரண்டுக்கும் திரும்பிப் பார்க்காது. செருப்பு, சோப்பு, விளக்குமாறு என்று கண்டதையெல்லாம் கடிக்கும். ஒருநாள் அரளிக் குச்சியைக் கடித்துவிட்டு, வாந்தி எடுத்து, நுரை தள்ளித் தள்ளாடி விழுந்தது. கோணியில் சுற்றிக்கொண்டு பண்ருட்டிக்கு பஸ் ஏறினோம். "என்னங்க மூட்டை?" என்ற கண்டக்டரிடம் என் வீட்டுக்காரர் "பலாப்பழம்" என்றார். கோணி முனகியது. எங்கள் முகத்தைப் பார்த்த அந்தப் புண்ணியவான், ஒன்றும் கேட்காமல் பலாப்பழத்துக்கே லக்கேஜ் சீட்டுக் கிழித்தார்.

மாட்டு டாக்டர் எப்படியோ பிழைக்க வைத்தார். "இன்னொரு தடவை தின்னா இங்க தூக்கிக்கிட்டு வராதீங்க, பிரயோஜனமில்லை" என்றார். திரும்பும்போது கோணியை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் அழுதேன்.

செடியை வெட்டிவிடலாம் என்றால் எதிர் வீட்டுக்காரி வந்து நின்றாள். குள்ளஞ்சாவடிப் பக்கத்துக்காரி, விடிந்ததும் எங்கள் அரளியில்தான் தன் மாரியம்மன் படத்துக்குப் பூப் பறிப்பாள். "பூக்கிற செடிய வெட்டாதக்கா. எங்க வூட்டு சாமிக்கு நான் பூவுக்கு எங்க போவேன்?" என்றாள்.

என் வீட்டுக்காரருக்கு உடனே சுரங்க மூளை வேலை செய்தது. மைன்ஸில் வெடி வைக்கும் இடத்தில் சிவப்புக் கொடி நட்டால் ஒருவரும் கிட்டே போக மாட்டார்களாம்.

"கொடியைப் பார்த்துட்டு நாய் ஒதுங்கிப் போகுமாக்கும்?" என்றேன்.

"கொடி நமக்கு. அதைப் பார்த்தா நாயைக் கட்டிப்போட ஞாபகம் வரும்."

நல்ல யோசனைதான். ஆனால் கொடிக்கு அவர் கிழித்தது, தலைதீபாவளிக்கு என் பிறந்த வீட்டில் எடுத்துத் தந்த சிவப்புப் பட்டுச் சேலையை. ஜரிகைக் கரையோடு பாதிச் சேலையை அரளியின் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார். ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை.

அதற்குள் செடியின் அடியில் மஞ்சளும் குங்குமமும் முளைத்துவிட்டன. "ஏன்க்கா முன்னாடியே சொல்லல? ஆத்தா ஒங்க வூட்டு வாசல்ல வந்து நின்னுக்கினு இருக்கிறா!" என்று எதிர் வீட்டுக்காரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை தெருவே வந்தது. பல ஜில்லாக்காரர்கள் குடியிருந்த தெரு. அவரவர் ஊர் வழக்கப்படி எலுமிச்சம்பழம், வேப்பிலை, சர்க்கரைப் பொங்கல். பொங்கலை இலையில் வைத்து, அதன் தலையில் அதே அரளிப் பூவைப் பறித்துச் செருகினார்கள். குச்சியையே தின்ற நாய், நெய் மணக்கும் பொங்கலோடு விஷத்தையும் சேர்த்து இலை போட்டுப் பரிமாறினால் வேண்டாமென்றா சொல்லும்?

கட்டிப்போட்டால் கயிற்றைக் கடித்து அறுத்தது. ஆகவே வெள்ளிதோறும் விளக்குமாறும் கையுமாக நானே செடிக்குப் பக்கத்தில் காவல் நின்றேன். என்னைப் பூசாரி என்று நினைத்து ஒரு அம்மாள் திருநீறு கேட்டாள். மறுக்க வாய் வரவில்லை, பூசிவிட்டேன். அப்புறம் எல்லாரும் கேட்டார்கள். ஷிப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரர் கூட்டத்தைப் பார்த்து மலைத்து நின்றார். "இப்ப வெட்டுங்களேன் பார்ப்போம்" என்றேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கொல்லைப்பக்கமாகப் போய்விட்டார்.

இன்னொரு வெள்ளிக்கிழமை. நான் யாருக்கோ திருநீறு பூசும் நேரம் பார்த்து நாய் பொங்கலை வாய் நிறைய அள்ளியது, பூவோடு. பாய்ந்து, தாடையைப் பிளந்து, விரலை உள்ளே விட்டுப் பூவை வெளியே இழுத்தேன். நல்லவேளை, கடிபடாமல் முழுசாக இருந்தது. பூசாரித்தனமெல்லாம் பறந்துபோய், தெருவே பார்க்க ஓவென்று அழுதேன். அழுகை கோபமாக மாறியது. செடியிலிருந்த சேலையை உருவி நாயின் கழுத்தில் கட்டினேன். "ஆபத்து இந்தச் சனியன்தான்! கொடியை இதுக்குக் கட்டுங்க!" என்று வீட்டுக்குள்ளிருந்த அவருக்குக் கேட்கும்படி கத்தினேன். நாய் ஜரிகை பறக்கத் தெருவில் ஓடியது.

மறு வெள்ளிக்கிழமை எதிர் வீட்டுக்காரி பொங்கலோடு வந்தாள். செடிப் பக்கம் திரும்பவேயில்லை. நேரே நாயின் முன்னால் இலையைப் போட்டாள்.

"ஆத்தா பைரவரு மேல ஏறிக்கினா. நீதானக்கா அன்னிக்கு மாத்திக் கட்டின?"

பொங்கலில் செருகத் தட்டிலிருந்து பூவை எடுக்கப் போனவளை, பூசாரி என்ற அதிகாரத்தோடு தடுத்தேன். "பூ கூடாது. வெறும் பொங்கல்தான் வைக்கணும்." பயபக்தியோடு தலையாட்டினாள்.

"அப்போ இந்தச் செடி?"

"அது வெறுஞ்செடிதானேக்கா!"

அன்றே என் வீட்டுக்காரர் அரளியை வேரோடு தோண்டி, உதிர்ந்த இலையெல்லாம் பொறுக்கி, எரித்தால் புகையும் ஆகாது என்று தொலைவில் கொண்டுபோய் ஆழமாகப் புதைத்தார். எதிர் வீட்டு சாமிக்காக அந்த இடத்தில் செம்பருத்தி வைத்தோம். நாய் அதையும் தின்று பார்த்தது, ஒன்றும் ஆகவில்லை.

கழுத்துத் துணி சில மாதங்களில் நைந்து போயிற்று. "செடிதான் போயிடுச்சே, இனிமே எதுக்கு?" என்றார் அவர். நான் பெட்டியைத் திறந்து, மிச்சமிருந்த பாதிச் சேலையை எடுத்து, ஜரிகை நன்றாக இருக்கும் பக்கமாகப் பார்த்துக் கிழித்தேன்.