வளையலுக்காக அவிழ்த்த கட்டு

அண்ணப் பிளவை மூடும் ஆபரேஷன் திருச்சியில் நடந்தபோது மகளுக்குப் பதினொரு மாதம். விரல் வாய்க்குள் போய்விடாதபடி இரண்டு கைகளையும் மடக்க முடியாமல் அட்டை வைத்து மணிக்கட்டு வரை கட்டியிருந்தார்கள். "மூணு வாரம் இதை அவுக்கக் கூடாது. கஞ்சி, பால் மட்டும்தான்" என்றார் டாக்டர். நான்தான் பலமாகத் தலையாட்டினேன்.

பன்னிரண்டாம் நாள் கீழப்பழுவூர்ப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. "தள்ளி வெச்சுக்கலாங்க" என்று மனைவி கெஞ்சினாள். பத்திரிகை கொடுத்தாகிவிட்டது என்று எரிந்து விழுந்தேன். தப்பு என் பக்கம் இருந்தால்தான் என் குரல் உயரும்.

ஊசி குத்துவதைப் பார்க்க மாட்டேன் என்று அவள் பொங்கல் அடுப்புப் பக்கம் போய்விட்டாள். தாய்மாமன் சீராக அவளுடைய அண்ணன் தங்க வளையல் கொண்டுவந்திருந்தார். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு அவர் போட்டுவிடப் பார்த்தால், அட்டைக்கு மேல் வளையல் ஏறவில்லை.

"என்ன மாப்ள, என் சீரு புள்ள கையில ஏறாதா?"

சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிடம்தானே என்று கட்டை நானே அவிழ்த்தேன். வளையல் ஏறியது, போட்டோவும் எடுத்தார்கள். காதில் ஊசி இறங்கியதும் வீரிட்டு அழுத குழந்தை கையை வாய்க்குள் திணித்துக்கொண்டது. பிடித்து இழுத்தபோது விரலில் ரத்தம். துடைத்துவிட்டு, வளையலைக் கழற்றி, அட்டையைத் திரும்பக் கட்டினேன். மனைவியிடம் சொல்லவில்லை. மச்சானுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை.

ஒரு வாரத்தில் பால் மூக்கு வழியாக வந்தது. தையல் பிரிந்து அண்ணத்தில் ஓட்டை விழுந்திருந்தது.

"கெட்டியா ஏதாச்சும் குடுத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒரு நாள் கஞ்சியில பருக்கை கெடந்துச்சு சார். நான்தான் சரியா வடிகட்டல" என்று மனைவி அழுதாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கங்கெட்டவன்.

மகள் இப்போது பெரம்பலூரில் ஒன்றாம் வகுப்பு. பேச்சு மூக்கால் வருகிறது. கூடப் படிக்கும் பிள்ளைகள் அவளைப் போலவே பேசிக் காட்டுகிறார்களாம். வகுப்பில் வாயே திறப்பதில்லை என்கிறார் டீச்சர். அந்தப் போட்டோவை நான் ஆல்பத்தில் ஒட்ட விடவில்லை.

போன மாதம் ஓட்டையை அடைக்க மறுபடி ஆபரேஷன். வீட்டுக்கு வந்த அன்று மனைவி வெள்ளைத் துணியில் கஞ்சியை மூன்று முறை வடிகட்டினாள்.

"இந்தத் தடவ நான் தப்பு பண்ண மாட்டேங்க" என்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "சரி" என்றேன்.