நான் சொல்லாத பத்தியம்

மூலிகை மருத்துவம் படிக்கிறேன் என்பதை யாருக்கும் தெரியாமல் வைத்திருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக வீடுகள் ஒட்டிக் கிடக்கும் எங்கள் லயத்தில் அது நடக்கிற காரியமா? ஒரு காம்பராவில் தும்மினால் அடுத்த காம்பராவில் நூறாயுசு சொல்வார்கள். தொலைக்கல்வி வகுப்பு போனில்தான் நடக்கும். வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணீர்த் தொட்டி இருக்கும் மேட்டில் ஏறி நின்று, ஒரு கையில் குடையும் மறு கையில் போனுமாக, கொழும்பில் இருக்கும் ஆசிரியை சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவேன். கொழுந்துக்குப் போகிற பெண்கள் அத்தனை பேரும் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் போவார்கள்.

நோர்வூட் டவுனில் ஒரு பலசரக்குக் கடையில் எனக்கு வேலை. நாங்கள் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் முதலாளி, எனக்குக் கொத்தமல்லியும் சுக்கு என்கிற வேர்க்கொம்பும் நிறுத்துக் கொடுக்கும்போது, "டாக்டரம்மா, எங்களயும் கொஞ்சம் பாத்துக்கங்க" என்பார். கிண்டல்தான். ஆனாலும் கேட்கச் சுகமாக இருந்தது.

வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். பாடத்தில் கசாயம் வந்த நாளிலிருந்து அடுப்பில் ஏதாவது கொதித்துக்கொண்டே இருக்கும். நான் காய்ச்சிப் பழகியதையெல்லாம் குடித்துப் பார்த்தவர் அம்மாதான். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

பக்கத்துக் காம்பரா அக்கா ஒரு மழைக்காலத்தில் இருமிக்கொண்டே போத்தலோடு வந்தார். யாருக்கும் மருந்து கொடுக்கிற தகுதி எனக்கு இன்னும் வரவில்லை என்று தெரியும். கொத்தமல்லியும் வேர்க்கொம்பும்தானே, எல்லா வீட்டிலும் குடிப்பதுதானே என்று ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் போகாமல் நின்றார்.

"பத்தியம் ஒண்ணுஞ் சொல்லலியே தங்கச்சி?"

பத்தியம் இல்லாத மருந்தை எங்கள் ஆட்கள் மருந்தாகவே மதிக்கமாட்டார்கள். "கருவாடும் கத்தரிக்காயும் வேணாங்க்கா" என்றேன், சும்மா ஒரு கெத்துக்கு. அதற்குப் பிறகு இருமல் குறைந்தும் போத்தல் வருவது நிற்கவில்லை. உடம்புக்கு நல்லா இருக்கு என்றார். நானும் பெருமையாக ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

ஒருநாள் கடையில் பருப்புக் கட்டிக்கொண்டிருந்தபோது லயத்திலிருந்து ஒருத்தி போன் பண்ணினாள். "அக்கா மலையில கொழுந்து பறிக்கையில விழுந்துட்டாங்க. பேச்சு வரல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம்."

என் கசாயம்தான் என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிட்டேன். பானையைச் சரியாகக் கழுவினேனா? கொத்தமல்லியோடு வேறு விதை ஏதும் கலந்திருந்ததா? ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் ஏறியதும், அங்கே பொலிஸ் எனக்காகக் காத்திருப்பதுபோலவே தோன்றியது. அக்காவின் பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம். அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

வார்டில் டாக்டர் சிங்களத்தில் கேட்டார்: இவர் ஏதோ நாட்டு மருந்து குடித்தாராமே, கொடுத்தது யார்? என் கால் வாசல் பக்கம் திரும்பியது உண்மை. எப்படியோ "நான்தான்" என்று சொல்லி, என்ன போட்டுக் காய்ச்சினேன் என்பதையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கொத்தமல்லி இப்படிச் செய்யாது, பிரஷர் கூடித்தான் விழுந்திருக்கிறார், கிளினிக்கில் அதற்குக் கொடுத்த குளிசை மாத்திரைகளை ஒழுங்காக எடுத்தாரா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அதை ஒருநாளும் அக்காவிடம் கேட்டதே இல்லை.

பின்னேரம் அக்காவுக்குப் பேச்சு திரும்பியது. வாய் கொஞ்சம் குழறினாலும் சொன்னது விளங்கியது.

"எப்புடி தங்கச்சி எடுக்குறது? நாட்டு மருந்து குடிக்கையில இங்கிலீசு குளுச சேந்தா வெசமாயிருமே. ஒங்க அம்மாதான் சொன்னாங்க. அவங்களும் நிப்பாட்டித்தானே இருக்காங்க."

அம்மாவும் அக்காவும் ஒரே கிளினிக்குக்கு ஒன்றாகப் போய் வருபவர்கள். இருவருக்கும் அதே பிரஷர் வருத்தம், அதே குளிசை.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே அம்மாவுக்குப் போன் பண்ணினேன். தொடர்புகொள்ள முடியாது என்று மூன்று மொழியிலும் சொன்னார்கள். பஸ்ஸில் இருந்து மறுபடி மறுபடி எடுத்தேன். அதே குரல். வழியெல்லாம் பனி மூடிக் கிடந்தது, பஸ் ஊர்ந்தது. அம்மா அடுப்படியில் விழுந்து கிடப்பதாகவே கண்ணுக்குள் தெரிந்தது. அக்காவை மலையில் ஆட்கள் பார்த்தார்கள், தூக்கினார்கள். அம்மாவை யார் பார்ப்பார்கள்? அந்தப் பஸ்ஸில் நான் பயந்ததுபோல் அதற்கு முன்பும் பயந்ததில்லை, பின்பும் இல்லை.

லயத்துக்கு ஏறும் வழியில் எல்லாக் கூரையிலும் அடுப்புப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. எங்கள் கூரையில் இல்லை. கதவு சாத்தியிருந்தது. தள்ளித் திறந்தேன், உள்ளே யாரும் இல்லை. "அம்மா" என்று நான் போட்ட சத்தத்தில் லயமே வாசலுக்கு வந்தது. அக்காவின் காம்பராவிலிருந்து கையெல்லாம் மாவாக அம்மாவும் வந்தார்.

"ஏம்மா இப்புடிக் கத்துற? புள்ளைங்களுக்கு ரொட்டி சுட்டுக்கிட்டிருக்கேன். அவளுக்கு எப்புடி இருக்கு?"

அக்கா பேசிவிட்டார் என்று சொல்லி, அம்மாவைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்க் குளிசைப் பையைக் கேட்டேன். அரிசி வாளிக்குப் பின்னாலிருந்து எடுத்துத் தந்தார். போன கிளினிக்கில் கொடுத்தது கொடுத்தபடியே இருந்தது.

"ஒன் கசாயத்தக் குடிக்கிறப்ப இது எதுக்கு? இதையும் முழுங்குனா அப்புறம் நீ படிச்சு என்னா பெருமை?"

"அம்மா, அது இருமலுக்கும் தடிமன் சளிக்குந்தான். ஒங்க பிரஷருக்கு அது ஒண்ணுஞ் செய்யாதும்மா."

அம்மா கையிலிருந்த மாவைச் சேலையில் துடைத்தார்.

"அப்ப இவ்வளவு நாளும் நீ எனக்குன்னு காய்ச்சலியா?"

பாடத்துக்காகக் காய்ச்சினேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைய குளிசையைப் பிரித்து அவர் உள்ளங்கையில் வைத்து, தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே விழுங்கினார்.