நாலு எஞ்சின், மூன்று சுற்று

விமானத்தின் சத்தம் எங்கள் ஊருக்கு எப்போதும் தாமதமாகத்தான் வந்து சேரும். மேல்மாடியில் யாரோ கனமான பீரோவை இழுத்துக்கொண்டு போவதுபோல வானம் உறுமத் தொடங்கியதும், சத்தம் வரும் இடத்தை அண்ணாந்து பார்த்தால் அங்கே ஒன்றும் இருக்காது. கையை நீட்டி நான்கு விரல் தள்ளி முன்னால் தேடினால்தான் வெயிலில் மின்னும் அந்த வெள்ளி ஊசி கண்ணில் படும். இதைக் கண்டுபிடிக்க முபீனாவுக்கும் எனக்கும் ஒரு கோடை விடுமுறை முழுவதும் ஆயிற்று.

தர்மபுரியில் ஒன்பதாம் வகுப்பில் நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சு. அவள் அப்பாவுக்குப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை. அங்கே ஷோகேஸில் வருடக்கணக்காக விற்காமல் கிடந்த, ஒரு பக்கக் கண்ணாடியில் பூஞ்சை பிடித்த பைனாகுலரை அவர் மகளுக்கே கொடுத்துவிட்டார். சனிக்கிழமைதோறும் அதைப் பையில் போட்டுக்கொண்டு அவள் டவுன் பஸ் ஏறி எங்கள் ஊரான இண்டூருக்கு வந்துவிடுவாள். எங்கள் கத்திரித் தோட்டத்து மோட்டார் ரூம் மேல் ஏறி உட்கார்ந்து, ஆளுக்கொரு முறை ஒற்றைக் கண்ணால் பார்த்து, நேரம், திசை, எஞ்சின் எத்தனை என்று நோட்டில் கட்டம் போட்டு எழுதுவோம். இரண்டு எஞ்சின் விமானம் விட்டுப்போகும் புகையை "ரெட்டைக்கோடு" என்போம். நான்கு எஞ்சின் என்றால் "நாலுகோடு". நாலுகோட்டிலும் உயர்ந்தது, தலைக்குப் பின்னால் மேடு தட்டியிருக்கும் அந்தப் பெரிய விமானம். அதற்கு நாங்கள் வைத்த பெயர் "திமிலு". அதைப் பள்ளி நூலகத்துப் புத்தகத்தில் படமாகத்தான் பார்த்திருந்தோம்.

"நம்மூர்ல நிக்காத வண்டிக்கு நேரம் குறிச்சு வெச்சு என்ன கண்ணு பண்றது?" என்பார் அப்பா. "மழைக்காச்சும் மேல பாத்தா ஒரு பிரயோசனம் உண்டு" என்பாள் அம்மா.

எங்களைப்போலப் பைத்தியம் பிடித்தவர்கள் வேறு எங்கோ இருக்கிறார்கள் என்பது பள்ளிக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில்தான் தெரிந்தது. விமானம் பார்ப்பவர்களுக்கென்றே ஓர் இணையக் குழு இருந்தது. பெரிய நகரங்களில் ஓடுபாதை வேலியோரம் கேமராவோடு நிற்கும் ஆட்கள், எந்த விமானத்துக்கு எந்த எஞ்சின், எது வசதி, எது வரும் வருடம் ஓய்வு பெறும் என்று பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் இரண்டு பேர் பெயரையும் சேர்த்து ஒரே கணக்கு தொடங்கி, முபீனா அப்பாவின் கடை முதல் மோட்டார் ரூம் வரை எல்லாவற்றையும் அறிமுகத்தில் எழுதினோம். ஆனால் அந்தக் குழுவுக்கு ஒரு விதி இருந்தது. விமானத்தின் உடம்பில் எழுதியிருக்கும் பதிவு எண்ணையோ, தெளிவான படத்தையோ கொடுத்தால்தான் பார்த்ததாகக் கணக்கு. முப்பதாயிரம் அடி உயரத்தில் போகிற விமானத்தின் எண்ணைக் கத்திரித் தோட்டத்திலிருந்து எப்படிப் படிப்பது? நாங்கள் எழுதியவற்றின் கீழெல்லாம் "உறுதி செய்யப்படவில்லை" என்று ஒரு வரி சிவப்பில் வந்து நிற்கும். வாராவாரம் அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவோம்.

அந்தப் பொங்கல் விடுமுறையில் முபீனா எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தாள். காலை எட்டு மணி இருக்கும். பெங்களூரில் பனிமூட்டம், விமானங்கள் இறங்க முடியவில்லை என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. அப்போது வந்த சத்தம் வழக்கமான சத்தம் இல்லை. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. வெளியே ஓடி வந்தால், நாங்கள் அதுவரை பார்த்திராத அளவுக்குத் தாழ, வயிறு தெரிய, ஒரு விமானம் மெதுவாக வளைந்து திரும்பிக்கொண்டிருந்தது. முபீனா பைனாகுலரைக் கண்ணில் வைத்தாள்.

"நாலு எஞ்சின்டி. திமிலு! செல்வி, திமிலுடி!"

பிடுங்கி நானும் பார்த்தேன். இறக்கைக்கு இரண்டாக நான்கு எஞ்சின்கள், தலைக்குப் பின்னால் அந்த மேடு. சந்தேகமே இல்லை. இறங்க இடம் கிடைக்காமல் அது எங்கள் தலைக்கு மேல் வட்டமடித்துக்கொண்டிருந்தது. கேமரா இருந்த ஒரே போன் அப்பாவிடம். அவர் கிணற்று மேட்டில் நின்று பாலக்கோட்டுத் தக்காளி வியாபாரியிடம் அதில்தான் பேசிக்கொண்டிருந்தார். வரப்பில் விழுந்து எழுந்து ஓடினேன்.

"அப்பா, போனக் குடு!"

"இரு கண்ணு, பேசிட்டிருக்கேன்ல?"

இரண்டாவது சுற்று போயிற்று. நான் குதித்தேன், அழுதேன், வானத்தைக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தபடி, வண்டி எப்போது அனுப்புவார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாவது சுற்றின் கடைசியில்தான் போன் கைக்கு வந்தது. எடுத்த படத்தில் ஒரு முருங்கைக் கிளையும், அதற்கு மேலே அரிசி அளவில் ஒரு வெள்ளைப் புள்ளியும் இருந்தன.

விடுமுறை முடிந்து அந்தப் புள்ளியைக் குழுவில் போட்டோம். குழுவை நடத்தியவர் "ஓடுபாதை" என்ற புனைபெயரில் எழுதுபவர். அந்த வகை விமானம் அந்த நேரத்தில் அந்தப் பக்கம் வரக் கால அட்டவணையில் இடமே இல்லை என்றார். கேமராவில் தூசி என்றார் இன்னொருவர். மூன்றாமவர், கண்ணாடிக் கடைக்காரர் தம் மகளுக்கு முதலில் கண் பரிசோதனை செய்யட்டும் என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கும் முகம் போட்டிருந்தார். முபீனா அதை இரண்டு முறை படித்தாள்.

அடுத்த திங்கட்கிழமை அவளுக்குக் காய்ச்சல். நான் தனியாக பிரவுசிங் சென்டருக்குப் போனேன். ஓடுபாதையிடமிருந்து தனியாக ஒரு கடிதம் வந்திருந்தது. பொய்த் தகவல் போடுகிறவர்களை நீக்கிவிடுவோம், தவறை ஒப்புக்கொண்டால் தொடரலாம் என்று. விமானத்தைப் பற்றிப் பேச எனக்கு உலகத்தில் இருந்தது அந்த ஒரு இடம்தான். எங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை, தவறாகப் பார்த்திருக்கலாம், மன்னிக்கவும் என்று எங்கள் படம் இருந்த பக்கத்திலேயே எழுதி, கீழே இருவர் பெயரையும் போட்டேன். ஓடுபாதை நன்றி சொல்லி, இனி யாரும் எதுவும் எழுத முடியாதபடி அந்தப் பக்கத்தைப் பூட்டிவிட்டார்.

சனிக்கிழமை முபீனா திரையைப் பார்த்தாள்.

"இத யாருடி எழுதுனது?"

"இல்லன்னா நம்மளத் தூக்கிருவாங்கடி."

"தூக்கட்டுமே. பாத்தத பாக்கலன்னு எழுதிட்டு அதுல இருந்து என்ன பண்ணப்போற? சரி, உம்பேரப் போட்டுக்க. எம்பேர எதுக்குடி போட்ட? என்னையக் கேட்டியா?"

அதன் பிறகு அவள் இண்டூருக்கு வரவில்லை. வகுப்பில் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்தாள், மத்தியானம் அதே டிபன் பாக்ஸைத் திறந்து என் பக்கம் நகர்த்தினாள். ஆனால் வெளியே விமானச் சத்தம் கேட்டால் மட்டும் தலையைத் தூக்கவே மாட்டாள்.

முழுப் பரீட்சைக்கு முன்னால், பெங்களூர்க்காரர் ஒருவர் குழுவில் நீளமாக ஒரு குறிப்பு எழுதினார். அந்தப் பனிமூட்டக் காலையில் நான்கு எஞ்சின் சரக்கு விமானம் ஒன்று, வழக்கமான அட்டவணையில் இல்லாதது, இறங்க முடியாமல் தெற்கே தர்மபுரிப் பக்கம் சுற்றிவிட்டுச் சென்னைக்குத் திருப்பப்பட்டது என்று பதிவு எண்ணோடு சொல்லியிருந்தார். "அரிய தகவல்" என்று அவரைப் பாராட்டியிருந்தார் ஓடுபாதை. எங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பூட்டிய பக்கத்தைத் திறந்துவிடுங்கள், அந்த மன்னிப்பை மட்டுமாவது எடுத்துவிடுகிறேன் என்று அவருக்கு ஏழெட்டு முறை எழுதிக் கெஞ்சினேன். பதிலே வரவில்லை. அந்தக் குறிப்பை அச்செடுத்து முபீனாவிடம் ஓடினேன்.

படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "எனக்குத் தெரிஞ்சதத்தான் இவரு சொல்லியிருக்காரு. இதுல என்ன இருக்கு?"

இப்போது நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். போனை வானத்துப் பக்கம் காட்டினால் போதும், எந்த விமானம், எங்கிருந்து எங்கே, எத்தனை அடி உயரம், பதிவு எண் என்ன என்று எல்லாம் வந்துவிடுகிறது, வாதாட ஒன்றுமில்லை. நான்கு எஞ்சின் விமானங்களை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வருகிறார்கள். அந்தக் குழுவும் இல்லை. ஒருநாள் முகவரியைத் தட்டினேன், அப்படியொரு பக்கமே கிடையாது என்று வந்தது.

போன மாதம் பள்ளித் தோழி ஒருத்தி வீட்டு விசேஷத்துக்காகத் தர்மபுரி போயிருந்தபோது முபீனாவைப் பார்த்தேன். கிருஷ்ணகிரியில் அவளும் அவள் கணவரும் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளைப் பற்றியெல்லாம் பேசி முடித்த பிறகு, மெதுவாக, அந்தக் குழுவை மூடிவிட்டார்கள் என்றேன்.

"அப்ப நீ எழுதுனது?"

"அதுவும் போயிருச்சு. எங்கயும் இல்ல."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

"எழுதுனது போயிருச்சு, செரி. நான் படிச்சிட்டனே."

அதற்குள் பந்தியில் இடம் போட்டுவிட்டதாக யாரோ கூப்பிட்டார்கள். இருவரும் பக்கத்துப் பக்கத்து இலையில்தான் உட்கார்ந்தோம்.