திருமால் மேஸ்திரி கண்ட கோணல்

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் திருமால் மேஸ்திரி தூக்கிப்போட்ட சாமானை இன்னொருவர் எடுத்துப் பார்க்கும் வழக்கமே கிடையாது. முப்பது வருடமாக அப்படித்தான். சூளையிலிருந்து வரும் ஃபியூஸ் கட்டையைக் கையில் எடுப்பார், இடது கண்ணை மூடிக்கொள்வார், வலது கண்ணால் விளிம்பில் ஒரு நோட்டம் விடுவார். நேராக இருந்தால் கூடை, கோணல் என்றால் குப்பை. அந்தப் பெருமையில் மனுஷனுக்குக் கால் தரையில் பாவாது.

தை மாதத்திலிருந்து, அச்சு மிஷினில் மண் அழுத்தும் வெண்மதியின் கட்டைகள் கோணலாகவே வந்தன. நீளக்கட்டை முழுக்க அவள் ஒருத்தி பொறுப்பு, மற்றவர்கள் போடுவதெல்லாம் விரல் நீளக் குட்டைக் கட்டை.

“நேராத்தான் இருக்குதுங்க மேஸ்திரி, நல்லா பாருங்க.”

“எனக்கே பாடம் எடுக்கறியா?”

குப்பையிலிருந்து ஒன்றே ஒன்றை யாராவது எடுத்துப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. அவரவருக்கு அவரவர் பிழைப்பு பெரிது. மாசியில் முதலாளி நீளக்கட்டை போடுவதையே விட்டுவிட்டு அவளை நிறுத்தினார். திருமால் மேஸ்திரியே கழித்துக்கட்டியவள் என்று பேட்டையில் வேறு எந்தக் கம்பெனியும் அவளைச் சேர்க்கவில்லை.

ஆடியில் மேஸ்திரிக்குப் பேப்பர் எழுத்து நடுவில் அழிந்தாற்போல் தெரிந்தது. கண்புரையாக இருக்கும் என்று புதுச்சேரிக்குப் பஸ் ஏறினார். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இடது கண்ணை மூடச் சொல்லி, கட்டம் போட்ட தாளைக் காட்டினார்.

“கோடெல்லாம் எப்படித் தெரியுது?”

“நடுவுல நெளிஞ்சிருக்குதுங்க. எவன் போட்டான் இதை?”

“கோடு நேராத்தாங்க இருக்கு. உங்க கண்ணுலதான் கோளாறு.”

ஸ்கேன் எடுத்தார்கள். புரை இல்லை, வயதில் விழித்திரையின் நடுப்பகுதி பழுதாகி, அதன் அடியில் புது ரத்தக்குழாய் முளைத்துக் கசிகிறதாம். மாதாமாதம் கண்ணுக்குள் ஊசி போட்டு இருக்கிற பார்வையைக் காப்பாற்றப் பார்க்கலாம், போனது முழுசாகத் திரும்பாது, நீளமான கோடுதான் முதலில் நெளியும், அப்போதே வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. கண்ணுக்குள் ஊசி என்றதும் வரவேண்டிய பயம்கூட மேஸ்திரிக்கு வரவில்லை. தை மாதத்திலிருந்து குப்பையில் போட்ட வெண்மதியின் கட்டைகளை மனசுக்குள் எண்ண ஆரம்பித்தார்.

இரண்டாவது ஊசி போட்ட வாரம் அவள் வீட்டுக்குப் போனார். நடவுக்குப் போய்விட்டுச் சேற்றுக் காலோடு வந்து நின்றாள்.

“உன் கட்டை நேராத்தாம்மா இருந்துது. எங்கண்ணுதான் கெட்டுப்போயிருந்துது.”

அவள் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தாள்.

“மொதலாளிகிட்ட சொல்லிட்டீங்களா?”

சொன்னால் நாளைக்கே அவருக்கும் வேலை இருக்காது. இப்போது வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்த்துச் சமாளிக்கிறார். பேட்டையில் ஒருவருக்கும் தெரியாது.

“இல்லம்மா.”

“அப்ப எங்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க?” என்று கேட்டுவிட்டு, அவள் கால் கழுவப் போனாள்.