தரகர் யாருடைய ஆள்?

ஓசூரில் வீட்டுத் தரகர் நாராயணப்பாவிடம் நான் வேலைக்குச் சேர்ந்தது 1950களின் நடுவில். ஐந்தாவதோடு படிப்பு நின்றவன். விலைக்கு வந்த வீடுகளைத் திறந்து காட்டுவது என் வேலை. பூட்டினேனா இல்லையா என்று பாதி வழியில் திரும்பிப் போய்ப் பார்ப்பேன். அப்படி ஒரு சுபாவம்.

அஞ்செட்டிப் பக்கமிருந்து முனியப்பா என்ற விவசாயி வந்தார். மனைவிக்கு மூச்சிழுப்பு. மலையிலிருந்து டாக்டரிடம் கொண்டுவருவதற்குள் உயிர் போய்விடுமோ என்று பயந்து, நிலத்தை விற்றுவிட்டு இங்கே வீடு தேடினார். மிச்சம் மாடும் வண்டியும். அதில் பாரம் ஏற்றிப் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவர் நினைப்பு.

அவர் வீட்டுப் பேச்சு தெலுங்கு. நாராயணப்பா தெலுங்கில் குசலம் விசாரித்ததும் மனிதர் உருகிவிட்டார். அன்றே "பாவா" என்று மச்சான் முறை வைத்துவிட்டார். ஒரு வீடு பிடித்துப்போயிற்று.

"வெல படியலன்னா மாட்டையும் வித்துடறேன் பாவா. வூட்ட மட்டும் வுட்றாத" என்றார்.

 நான் முனியப்பாவைத் தனியே டீக்கடைப் பக்கம் அழைத்துப் போனேன்.

"அய்யா, எங்களுக்குக் கூலி குடுக்கறது வூட்டுக்காரரு. கடேசி வெலய எங்க காதுல போடாதீங்க."

"ஏம்பா, பாவா எங்க ஆளு. நீ தமிழ்க்காரன். நடுவுல பூந்து கோள் மூட்டறியா?"

சாயங்காலமே நாராயணப்பா வீட்டுக்காரரிடம், "எறங்காதீங்க சாமி, மாட்ட விக்கத் துணிஞ்சிட்டான்" என்று சொல்லிவிட்டார்.

திரும்பும்போது கேட்டேன். "மச்சான்னு நம்பறாரே அண்ணே?"

"நம்பட்டும். நான் ஒன்னோட ஆளுன்னு அவங்கிட்ட ஒரு வாட்டியாச்சும் சொன்னனா? சொல்லு."

சொல்லவில்லைதான்.

வீட்டுக்காரர் இறங்கவில்லை. மாடும் வண்டியும் போயின. பத்திரம் பதிவானதும் முனியப்பா நாராயணப்பாவுக்கு வெற்றிலை பாக்கு, பழம் வைத்துக் கும்பிட்டார். பிறகு சந்தையில் மூட்டை தூக்கப் போனார். டாக்டர் இருந்தது அடுத்த தெருவில். மருந்து வாங்கத்தான் கையில் ஒன்றுமில்லை. அந்த மழைக்காலத்தில் அந்த அம்மாள் இறந்துபோனார்.

சாவு வீட்டில் நாராயணப்பாவின் தோளில் சாய்ந்துதான் முனியப்பா அழுதார். என்னைப் பார்த்து, "பாவா இல்லன்னா இந்த வூடாச்சும் கெடச்சிருக்குமாப்பா?" என்றார்.

வீடு வாங்கப் போகிறவர்கள், தரகருக்குக் கூலி தருவது யார் என்று முதலில் கேளுங்கள். தனியாகத் தரகு பார்க்கத் தொடங்கிய பிறகு, யாரும் கேட்கும் முன்பே நான் சொல்லிவிடுவேன். தெலுங்குக்காரருக்குத் தெலுங்கிலும் கன்னடக்காரருக்குக் கன்னடத்திலும் திக்கித் திக்கிச் சொல்வேன்: "நான் விக்கறவரு ஆளு. ஒங்க கடேசி வெலய எங்கிட்ட சொல்லாதீங்க."

நம் பாஷையில் பேசுகிறானே என்று சந்தோஷப்பட்டு, அந்த இடத்திலேயே கடைசி விலையைச் சொல்லிவிட்டவர்கள் எத்தனையோ பேர்.