உமாமகேஸ்வரிக்கு வந்த வெண்கலம்

உமாமகேஸ்வரி பத்தாயிரம் மீட்டர் ஓட்டக்காரி. வீடு மும்பையில், தாராவி கிராஸ் ரோட்டில் ஒரு சந்தில். நாலு வீடு தள்ளி ஷைஸ்தா. அவள் வீட்டுக்குள் உருது பேசினாலும் சந்தில் எல்லோரிடமும் தமிழ்தான். பள்ளி நாளிலிருந்தே இருவருக்கும் மகாதேவன் சார்தான் பயிற்சியாளர். காலையில் மாட்டுங்கா ஃபைவ் கார்டன் பூங்காவைச் சுற்றி ஓடும்போது ஷைஸ்தா எப்போதும் அரை அடி முன்னால் போவாள். உமாவுக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை.

தேசியப் போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. ரத்தத்தில் சத்து ஏற ஊசி போட வேண்டும், தேவ்நாரில் ஒரு கிளினிக்குக்கு வாருங்கள் என்று சார் இருவரிடமும் சொன்னார். சார் சொன்னால் அவர்கள் ஏன் என்று கேட்பதில்லை. ஆனால் அன்று உமாவுக்குக் கடுமையான காய்ச்சல். ஷைஸ்தா மட்டும் போனாள்.

போட்டியில் ஷைஸ்தா மூன்றாவது, உமா நான்காவது. இடையில் இரண்டு வினாடி. அந்தப் பதக்கத்தால் ஷைஸ்தாவுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது. சில மாதங்களில் கடிதம் வந்தது. போட்டியன்று எடுத்த சிறுநீரில் தடை செய்த மருந்து இருந்ததாம். வேலை போயிற்று.

விசாரணையில் ஷைஸ்தா நடந்ததைச் சொன்னாள். எனக்கு எதுவும் தெரியாது, அவளாகப் போட்டுக்கொண்டாள் என்று சார் எழுதிக் கொடுத்துவிட்டார். சாட்சி என்று இருந்தது உமா ஒருத்திதான். ஷைஸ்தா உமாவைத் தேடி அவள் வீட்டுக்கு வந்தாள்.

"நீ ஒரு வார்த்தை சொன்னா போதும் உமா. சார் நம்ம ரெண்டு பேரையும்தானே வரச் சொன்னாரு?"

உமா பதில் சொல்வதற்குள் அவள் அம்மா மாடத்தி குறுக்கிட்டாள்.

"நீ அங்க போயி நின்னேன்னா ஒன்னையும்லா சேத்து எழுதிருவாவ."

அப்போது செம்பூர் பள்ளி ஒன்றில் உமாவுக்கு விளையாட்டு டீச்சர் வேலைக்குச் சார் பேசிக்கொண்டிருந்தார். காய்ச்சலில் கிடந்ததால் எதுவும் ஞாபகமில்லை என்று உமா சொன்னாள். ஷைஸ்தா வாதாடவில்லை. கொடுத்த டீயைக் குடித்தாள், கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

நான்கு வருடத் தடை விதித்தார்கள். அவளுக்கு வயது இருபத்துநாலு. சந்தில் பையன்கள் அவளை ஊசி என்று கூப்பிட ஆரம்பித்ததும், குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு அம்பர்நாத் போயிற்று.

இரண்டு வருடம் கழித்து உமாவுக்கு ஒரு கூரியர் வந்தது. மூன்றாம் இடம் இனி உங்களுக்கு என்று கடிதம். கூடவே ஷைஸ்தா திருப்பிக் கொடுத்த அதே பதக்கம். ரிப்பன் நீளம் என்று அவள் போட்ட முடிச்சுகூட அவிழ்க்கப்படாமல் இருந்தது. மாடத்தி சந்து முழுக்கப் பேடா கொடுத்தாள். ரயில்வே வேலைக்கு உமாவுக்கு வயது தாண்டியிருந்தது.

அந்த வாரமே உமா விசாரணைக் குழுவுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினாள். முறையீட்டுக்கான காலம் முடிந்துவிட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு அம்பர்நாத் போனாள். ஷைஸ்தா ஒரு பாட்டில் மூடி கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தாள். கேட்டுக்கு வெளியே நின்றபடி கடிதத்தைப் படித்து மடித்துக் கொடுத்தாள்.

"காய்ச்சல் வராம இருந்தா நானும் ஊசி போட்டிருப்பேன்டி," என்றாள் உமா.

"தெரியும். அப்ப ரெண்டு பேரும் மாட்டிருப்போம். நான் தனியா போயி நின்னிருக்க மாட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் உமாவுக்குத் தாங்க முடிந்திருக்கும். ஷைஸ்தா சாதாரணமாகத்தான் சொன்னாள்.

மகாதேவன் சாரிடம் இப்போதும் பெண்கள் பயிற்சிக்குப் போகிறார்கள். அவர்களில் இரண்டு பேரின் தாய்மாரைப் பார்த்து உமா விஷயத்தைச் சொன்னாள். ஒருத்தி மகளை நிறுத்திவிட்டாள். பொறாமையில் பேசுகிறாள் என்று மற்றவள் கதவைச் சாத்தினாள். அடுத்த கல்வியாண்டில் சார் வாங்கிக் கொடுத்திருந்த செம்பூர் வேலையைப் பள்ளி உமாவுக்கு நீட்டிக்கவில்லை.

தடை போன மார்ச்சில் முடிந்தது. ஷைஸ்தா மறுபடி ஓடவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உமா அம்பர்நாத் போகிறாள். இருவரும் ஸ்டேஷன் வரை நடப்பார்கள். சில ஞாயிறுகளில் ஷிப்ட் இருக்கிறது என்று சொல்லி ஷைஸ்தா வருவதில்லை.