மூங்கில் கம்பில் குடியிருந்த வண்டு

புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டு காரிடாரில் ஒரு பேஷன் ஃப்ரூட் கொடி வளர்க்கிறேன். போன வருடம் காய்த்துத் தள்ளியது. இந்த வருடம் பூவாய்ப் பூத்தும் ஒரு பிஞ்சுகூடப் பிடிக்கவில்லை. என் வீட்டுக்காரர் அந்த இடத்தில் செருப்பு அலமாரி வைக்கக் காத்திருந்தார்.

“காய்க்காத கொடிக்கு எதுக்கு இவ்வளவு எடம்? தீபாவளி வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் பிடுங்கிடுவேன்.”

“கை வெச்சுப் பாருங்க, தெரியும்,” என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது, உள்ளுக்குள் பயம். பிள்ளை மாதிரி வளர்த்த கொடி அது.

ஒரு விஷயம் புரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பூ விரிகிற மத்தியானத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். எறும்பு வந்தது. சின்னத் தேனீக்கள் மகரந்தத்தை வழித்துக்கொண்டு போயின. பூவின் நடுவே தூக்கி நிற்கும் சூல்முடியை அவை தொடவே இல்லை. அவ்வளவு குள்ளம். யாரையோ காணோமே என்று யோசித்தேன். போன வருடமெல்லாம் கட்டைவிரல் பருமனில் ஒரு கருவண்டு வரும், முதுகு முழுக்க மஞ்சள் பொடியோடு. இந்தக் கொடியின் மகரந்தம் இதற்கே ஆகாது, பங்காளி வீட்டில் பெண் எடுக்காத மாதிரி. கீழே தோட்டத்தில் இருக்கும் வேறொரு கொடியின் மகரந்தத்தைச் சுமந்து வந்தது அந்த வண்டுதான். கொடிக்குப் பூர்வீகம் தென்னமெரிக்கா. கடல் தாண்டி வந்ததைக் காய்க்க வைத்தது இந்த ஊர் வண்டு.

அது குடியிருந்தது எங்கள் சமையலறை ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போடும் மூங்கில் கம்பில். வண்டு துளை போட்டு, துவைத்த துணியில் தூள் கொட்டுகிறது என்று கம்பை வீசிவிட்டு ஸ்டீல் கம்பு மாட்டியவர் யார்? இவரேதான்.

சொன்னேன். மூங்கில் கம்பு வாங்கத் தேக்கா சந்தைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினார். “கடைக்காரன் சிரிக்கிறான். இப்ப எல்லாம் ஸ்டீல்தான் லா அங்கிள்ங்கிறான்.”

மறுவாரம் யாரோ காலால் கதவை உதைத்தார்கள். பார்த்தால் இவர். பக்கத்து பிளாக்கில் யாரோ வீசிய பழைய மூங்கில் கம்பு தோளில். வண்டென்றாலே நாலடி தள்ளி நிற்கிற மனிதர், அதன் துளையை உள்ளங்கையால் பொத்தியிருந்தார். உள்ளே ஊம் என்று சத்தம்.

“மெதுவா தெற. உள்ள ஆள் இருக்கு.”

“செருப்பு அலமாரி?”

“அது கெடக்கு. கைய எடுக்கலாமா, சொல்லு.”